மாசிக்காய் மரத்துக்கு வந்த சோதனை

பிள்ளை பெற்ற வீட்டில் உரைமருந்துக்கென்று வாங்கும் சாமான்களில் மாசிக்காயும் ஒன்று. கடுக்காய், வசம்பு, சுக்கு, ஜாதிக்காய் இவற்றோடு அதையும் கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவார்கள். நாட்டு மருந்துக் கடையில் அள்ளித் தரும் அந்த உருண்டைகளை உற்றுப் பார்த்தால், சிலவற்றில் சிறு துளை ஒன்று தெரியும். சரக்குப் பழசு, வண்டு அரித்துவிட்டது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அது உள்ளே வளர்ந்த ஒரு குளவி வெளியே போன வழி.

மாசிக்காய் காய் அல்ல. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் இளம் மொட்டில் சின்னஞ்சிறு குளவி முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து புழு வந்ததும் மரம் அதைச் சுற்றி ஓர் உருண்டையைக் கட்டத் தொடங்குகிறது. புழுவுக்கு அதுவே வீடு, அதுவே சாப்பாடு. உருண்டையில் பாதிக்கும் மேல் டானின் என்ற துவர்ப்புப் பொருள். குளவி வெளியேறும் முன்பே பறித்த, துளையில்லாத கருநிற உருண்டைக்குத்தான் சந்தையில் மதிப்பு அதிகம். இதையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மையில்தான் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதியது.

குளவி இத்தனை செய்தும் மரம் சாவதில்லை. இப்படி ஓக்கை அண்டிப் பிழைக்கும் உயிர்கள் ஏராளம். பிரிட்டனில் மட்டும் பூச்சி, பூஞ்சை, பறவை, பாசி எல்லாம் சேர்த்து 2,300 இனங்கள் ஓக்கைச் சார்ந்திருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் 326 இனங்களுக்கு ஓக்கை விட்டால் வேறு கதியே இல்லை. இலையைத் தின்பவை, பட்டைக்குள் குடியிருப்பவை, விதையைக் குடைபவை என்று இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஓக் மரம் முந்நூறு, நானூறு ஆண்டுகள் நிற்கிறது. கூடவே வாழ்ந்து பழகியவற்றோடு அதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. இன்று ஓக் காடுகள் சரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த ஒப்பந்தத்தில் இல்லாத அந்நியர்கள். அவர்களைக் கப்பலிலும் லாரியிலும் பூந்தொட்டியிலும் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது மனிதன்தான்.

நீலகிரியிலும் ஏற்காட்டிலும் காப்பித் தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். உண்மையான ஓக்கில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் இமயமலைச் சரிவிலும் வடகிழக்கிலும் அவை காடாக வளர்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. ஒயின் புட்டியின் தக்கை ஒரு வகை ஓக்கின் பட்டை. விஸ்கி ஊறும் பீப்பாய் வேறு வகை ஓக்கின் மரம்.

அந்நியர்கள் கதையில் முதலிடம் பெற வேண்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். எத்தியன் லியோபோல்ட் ட்ரூவலோ என்ற ஓவியர், 1851ல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு பிரான்ஸை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள மெட்ஃபோர்டில் குடியேறினார். ஓவியம் சோறு போட, பொழுதெல்லாம் பட்டுப்பூச்சி மேல் பித்து. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்கள் நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. லூயி பாஸ்டரே அந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேறு பூச்சியிலிருந்து பட்டு எடுக்க முடிந்தால் ட்ரூவலோவுக்கு யோகம்தான். நம் டசர் பட்டுப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தமான ஓர் அமெரிக்க இனத்தை வீட்டுக்குப் பின்னால் வலைகட்டி ஏராளமாக வளர்த்தார். அது போதாதென்று 1868 அல்லது 1869ல் ஐரோப்பாவிலிருந்து வேறோர் அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்தார். பட்டுப்பூச்சியோடு அதைக் கலப்பினம் செய்யும் எண்ணம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் உறவே கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியாமல் போனதோ.

சில புழுக்கள் தப்பின. ட்ரூவலோவின் ஆர்வமும் பூச்சியிலிருந்து வானத்துக்குத் தாவியது. ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்து, சூரியனையும் கோள்களையும் அற்புதமாக வரைந்து தள்ளினார். நிலாவிலும் செவ்வாயிலும் தலா ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1882ல் பிரான்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார். பூச்சி மெட்ஃபோர்டில் தங்கிவிட்டது.

இருபது ஆண்டு சத்தமில்லாமல் பெருகிய அது 1889 கோடையில் ஊரையே மூடியது. மரங்கள் மொட்டையாகி நின்றன. சுவரெங்கும் நடைபாதையெங்கும் கம்பளிப்பூச்சிகள். இரவில் அவை இலையைக் கொறிக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. இன்று ஸ்பாஞ்சி மாத் என்று அழைக்கப்படும் இந்தப் பூச்சியின் பெண்ணுக்கு இறகு இருந்தும் பறக்க முடியாது. அப்படியும் அது பரவிய வேகம் அபாரம். பொரிந்து வரும் குஞ்சுப்புழு நூல்விட்டுக் காற்றில் போகும். முட்டைக் குவியலோ கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு மாட்டு வண்டி, குதிரை வண்டி, இன்றைக்குக் கார், சரக்கு லாரி, தோட்டத்து நாற்காலி.

1890ல் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஆள் வைத்து முட்டைகளைச் சுரண்டவும் தீ வைக்கவும் தொடங்கியது. லெட் ஆர்சனேட் என்ற ஈய நஞ்சு பூச்சிமருந்தானது இந்தப் பூச்சிக்காகத்தான். பத்தாண்டில் பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்ததும், ‘இன்னும் எதற்குச் செலவு’ என்று சட்டமன்றம் 1900ல் பணத்தை நிறுத்திவிட்டது. கொஞ்ச காலத்தில் பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. தூர் வாரிய வருஷம் வெள்ளம் வரவில்லையென்றால் அடுத்த வருஷத் தூர் வாரும் நிதியை வெட்டுகிற புத்தி எல்லா ஊர் அரசுகளுக்கும் பொது போலிருக்கிறது.

அடுத்து நடந்தவை இன்னும் விபரீதம். பூச்சியைக் கொல்ல 1906ல் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஈ கண்ட புழுவையும் தாக்கும் ரகம். அமெரிக்காவின் சொந்தக் காட்டுப் பட்டுப்பூச்சிகள், அதாவது ட்ரூவலோ ஆசை ஆசையாய் வளர்த்த வகைகள், வடகிழக்கு மாநிலங்களில் அருகிப் போனதற்கு அந்த ஈ ஒரு முக்கியக் காரணம் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. 1957ல் விமானத்திலிருந்து டி.டி.டி.யைத் தூவினார்கள், தோட்டம், குளம், பால் மாடு எல்லாவற்றின் மேலும் விழுந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் மக்கள் வழக்குப் போட்டார்கள். எழுத்தாளர் ரேச்சல் கார்சனை உசுப்பிய காரணங்களில் அந்த வழக்கும் ஒன்று. 1962ல் வந்த அவருடைய ‘மௌன வசந்தம்’ நூல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இத்தனைக்குப் பிறகும் 1981ல் ஒரே ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் ஏக்கர் காட்டை இந்தப் புழு மொட்டையடித்தது. ஒருமுறை இலை போனால் ஓக் மறுபடி தழைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆண்டு போய், கூடவே வறட்சியும் சேர்ந்தால், சேமித்த மாவுச்சத்தெல்லாம் தீர்ந்து மரம் சோர்ந்துவிடும். அப்போது பட்டை துளைக்கும் வண்டும் வேரழுகல் பூஞ்சையும் வந்து வேலையை முடிக்கும். கடைசியில் ஓரளவு கைகொடுத்தது ஜப்பானியப் பூஞ்சை ஒன்று. 1910 வாக்கில் கொண்டுவந்து விட்டு, தோற்றுப்போனது என்று மறந்துபோன பூஞ்சை அது. 1989ல் திடீரென்று புழுக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது தெரிய வந்தது. மழை பெய்யும் வசந்தத்தில் மட்டும்தான் அதற்கு வீரம். வசந்தம் வறண்டால் புழுவின் ராஜ்ஜியம்தான்.

இலையைத் தின்னும் புழுவையாவது கண்ணால் பார்க்கலாம். கலிபோர்னியாவில் வந்தது கண்ணுக்கே தெரியாத எதிரி. 1995 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில், ஓக்கின் உறவினமான டான் ஓக் மரங்களும், பிறகு ஓக் மரங்களும் பட்டுப்போகத் தொடங்கின. அடிமரத்தில் காயமில்லாமலே கருஞ்சிவப்பாக ஏதோ கசியும். பிறகு ஒரு சில வாரத்தில் மரம் முழுவதும் பழுப்பாகிவிடும். மக்கள் வைத்த பெயர் ‘சடன் ஓக் டெத்’. 2000ல் டேவிட் ரிஸ்ஸோ, மத்தேயோ கார்பெலோட்டோ என்ற இரண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். அது ஃபைட்டோஃப்தோரா என்ற நீர்ப்பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்தது. இந்தக் குலம் தமிழ் விவசாயிகளுக்கும் பரிச்சயமானதுதான்: ஊட்டி உருளைக்கிழங்கைக் கருக்குவதும், மிளகுக் கொடியை அடியோடு அழுக வைத்து வாட்டுவதும் இதன் பங்காளிகள். 1840களில் அயர்லாந்தில் பஞ்சத்தை உண்டாக்கிப் பத்து லட்சம் பேரைச் சாகடித்ததும் இதே குலம்.

பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது உண்மையான பூஞ்சை இல்லை. பிறப்பால் கடற்பாசிகளுக்கு நெருக்கம். ஈரம் கிடைத்தால் இதன் வித்துகள் வால் அடித்து நீந்தும். மழைத்துளி தெறிக்கும் இடமெல்லாம் போகும். இதில் விசித்திரம், ஓக் மரத்திலிருந்து இன்னோர் ஓக் மரத்துக்கு இது பரவுவதில்லை. நோயை வளர்த்துப் பரப்புவது பக்கத்தில் நிற்கும் பே லாரல் என்ற வேறு மரம். அதன் இலை நுனி கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். மற்றபடி சௌக்கியமாக இருக்கும். அதன் இலையிலிருந்து சொட்டும் மழைநீர் ஓக்கின் அடிமரத்தில் பட்டால் ஓக் சாகும். இதனால்தான் தோட்டத்தில் ஓக்கைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு, பக்கத்தில் உள்ள பே லாரலை வெட்டுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள்.

இது எங்கிருந்து வந்தது? 1993 முதலே ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நர்சரிகளில் ரோடோடெண்ட்ரான் செடிகளை ஒரு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. அதே கிருமிதான். அழகுச் செடி வணிகத்தில் தொட்டியோடு தொட்டியாக அது இரண்டு கண்டங்களுக்கும் போயிருக்கிறது. 2004ல் தெற்குக் கலிபோர்னியாவின் ஒரு பெரிய நர்சரி அனுப்பிய கமீலியாச் செடிகள் வழியாக அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கும் சென்றது. பிரிட்டனில் 2009ல் அது லார்ச் மரத்துக்குத் தாவி, ஆயிரக்கணக்கான ஏக்கர் தோப்புகளை வெட்டிச் சாய்க்க வைத்தது. அதன் சொந்த ஊர் மட்டும் பல ஆண்டு மர்மமாகவே இருந்தது. கடைசியில் வியட்நாமின் மலைக்காடுகளிலும் ஜப்பானின் காடுகளிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே காடு பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஊரில் சாதுவாக இருந்தது, வெளிநாட்டில் போய்க் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றிருக்கிறது.

அந்த இழப்பை மரக்கணக்காக மட்டும் பார்க்க முடியாது. கலிபோர்னியாவின் கரூக், யூரோக், ஹூப்பா போன்ற பூர்வகுடிகளுக்கு டான் ஓக்கின் விதைதான் காலங்காலமாக அடிப்படை உணவு. உலர்த்தி, தோல் நீக்கி, மாவாக்கி, துவர்ப்புப் போகும்வரை தண்ணீர் விட்டு வடித்துக் களி கிண்டுவார்கள். மரம் போனால் ஒரு சமையல் போகும், அதைச் சுற்றிய சடங்கும் பேச்சும் போகும்.

டெக்சாஸில் தமிழர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்டின் பக்கம் என்றால் வாசலில் லைவ் ஓக் என்ற வகை நிற்கும். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய நோய் ‘ஓக் வில்ட்’ என்ற வாடல். 1940களில் விஸ்கான்சினில் முதலில் அடையாளம் காணப்பட்டது. இதன் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் புகுந்ததும், அது மேலே ஏறாமல் தடுக்க மரமே தன் குழாய்களை அடைக்கத் தொடங்குகிறது. பாம்பு வருகிறதென்று மடையை அடைத்துவிட்டு வயலைக் காயவிட்ட கதைதான். சிவப்பு ஓக் வகைகள் நாலு முதல் ஆறு வாரத்தில் செத்துவிடும். வெள்ளை ஓக் வகைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். லைவ் ஓக்கில் இலை நரம்பு மட்டும் பழுப்பாகி, நடுவே பச்சை மிச்சமிருந்தால் சந்தேகப்படலாம்.

இது பரவ இரண்டு வழி. செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கு அடியில் பூஞ்சை மெத்தை மாதிரி வளர்ந்து பழ வாசனை வீசும். அந்த வாசனைக்கு வரும் குட்டி வண்டுகள், அடுத்து எங்கே புதிதாக வெட்டிய கிளை இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். காலில் ஒட்டிய வித்து காயத்தில் இறங்கும். இன்னொரு வழி வேர். லைவ் ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பின்னி இணைந்திருப்பதால், நோய் ஆண்டுக்குச் சுமார் 75 அடி வீதம் மரத்துக்கு மரம் நகரும். அதைத் தடுக்க நான்கு அடிக்குக் குறையாத ஆழத்தில் அகழி வெட்டி வேர்களை அறுக்கிறார்கள். விலை உயர்ந்த மரமென்றால் அடிமரத்தில் பூஞ்சைக்கொல்லியை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பதிலாக வீட்டுக்காரர் செய்யக்கூடியது சுலபம். டெக்சாஸில் பிப்ரவரி தொடங்கி ஜூன் முடியும்வரை ஓக் கிளையை வெட்டக் கூடாது. புயலில் முறிந்தாலும் சரி, வேறு மாதத்தில் வெட்டினாலும் சரி, காயத்தில் உடனே பெயின்ட் அடித்துவிட வேண்டும். மற்ற மரங்களுக்கு வெட்டுக்காயத்தில் எதையும் பூச வேண்டாம் என்பதுதான் இன்றைய அறிவுரை. ஓக் மட்டும் விலக்கு. செத்த மரத்தை விறகாக்கி வேறு ஊருக்குக் கொண்டுபோவதும் ஆபத்து. 2023ல் இந்த நோய் எல்லை தாண்டிக் கனடாவின் ஒன்டாரியோவிலும் காணப்பட்டது.

விறகு என்பது சாதாரண விஷயமில்லை. கலிபோர்னியாவின் சான் டியாகோ மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான ஓக் மரங்களைக் கொன்ற பொன்புள்ளி வண்டின் சொந்த ஊர் பக்கத்து மாநிலமான அரிசோனாதான். அங்கே அதனால் பெரிய தொல்லை இல்லை. நடுவிலுள்ள பாலைவனத்தை அது பறந்து கடந்திருக்க வாய்ப்பில்லை. முகாமிடப் போனவர்கள் கொண்டுபோன விறகில்தான் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

லண்டன்காரர்களின் தலைவலி வேறு மாதிரி. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான ஓக் மரங்களோடு வந்து 2006ல் மேற்கு லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஊர்வலக் கம்பளிப்பூச்சி, ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி ஊர்ந்து மரத்தை மொட்டையடிக்கிறது. அதன் நுண்மயிர் காற்றில் பறந்து தோலில் பட்டால் தடிப்பு, கண்ணில் பட்டால் எரிச்சல், மூச்சில் போனால் இழுப்பு. பூங்காவில் நிற்கும் ஓக்கின் கூட்டை அகற்ற முகமூடி, முழு உடல் உறை போட்ட ஆட்கள் வாக்குவம் இயந்திரத்தோடு ஏறுகிறார்கள். 2019ல் ஓக் இறக்குமதி விதிகளைப் பிரிட்டன் இறுக்கியது. அதற்குள் பூச்சி லண்டனையும் சுற்றுப்புறத்தையும் தன் ஊராக்கிக்கொண்டது.

அந்நியர்கள் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே ஓக் மரங்களை வாட்டும் ‘நாரகாரே’ நோயைச் சுமந்து திரிவது ஐந்து மில்லிமீட்டர்கூட எட்டாத வண்டு. ஆண் முதலில் மரத்தைத் துளைத்து வாசனைவிட்டுக் கூட்டம் சேர்க்கும். பெண்ணின் முதுகில் பூஞ்சையைச் சுமக்கவென்றே குழிகள் உண்டு. இந்த வண்டு உள்ளூர்வாசிதான். மாறியது காடு. கிராமத்தை ஒட்டிய ஓக் காடுகளை விறகுக்கும் கரிக்கும் குறிப்பிட்ட ஆண்டுக்கொருமுறை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்க விடுவது ஜப்பானியர் வழக்கம். 1950, 60களில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வந்ததும் யாரும் வெட்டப் போகவில்லை. மரங்கள் முற்றிப் பருத்தன. அந்த வண்டுக்குக் குடும்பம் பெருக்கத் தேவைப்பட்டது அந்தப் பருமன்தான். வெட்டாமல் விட்டதே வினையானது என்றால் மரம் நடுவோர் சங்கங்கள் முகம் சுளிக்கும். ஆனாலும் உண்மை அதுதான்.

ஓக் இல்லாத தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2008ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வரிசையாகப் பாழாக்கி, பட்டு வளர்ப்பவர்களைத் தலையில் கை வைக்க வைத்தது. 2010ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஈ விஷயத்தில் அமெரிக்கா செய்த தவறு இங்கே நடக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தவிர வேறெதையும் அந்தக் குளவி தொடுகிறதா என்று சோதித்த பிறகே வயலில் விட்டார்கள்.

வெளிநாடு போய்வருபவர்கள் பெட்டியில் துணிக்கு நடுவே ஈரத்துணி சுற்றிய ரோஜாக் குச்சியையோ, பேரன் கேட்டான் என்று ஒரு தொட்டிச் செடியையோ, கொஞ்சம் மண்ணோடு ஒரு கிழங்கையோ வைத்துக் கொண்டுவருவது இன்னும் நின்றபாடில்லை. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அதற்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அவற்றை வாங்க முடிந்தால் வாங்கி முறையாகக் கொண்டுவாருங்கள். முடியாதென்றால் செடியைப் படம் எடுத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.